தீம் பார்க் எங்கே போகலாம்? சின்னப் பிள்ளைகள் இருக்கும் குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த கையோடு வீடுகளில் ஒரே பேச்சு: பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போகலாம்? ஒருவர் கொச்சி என்பார். புதிதாகத் திறந்திருக்கிறதே, சென்னைக்கே போவோம் என்பார் இன்னொருவர். துபாயில் இருக்கும் மாமா போனில் "இங்க வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். பக்கத்திலேயே கன்னியாகுமரியில் ஒன்று இருக்கும்போது எதற்கு இத்தனை அலைச்சல் என்பார் பாட்டி. எல்லோர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் பலர் திணறுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பூங்கா பெரியது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக் கடைக்குட்டி எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் வண்டியில் சமாளிக்கும் என்று முதலில் பாருங்கள். அதை வைத்துப் பார்த்தால் ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு, பலரும் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ நினைக்கும் இடம்தான் முதலில் வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

உயரம். பெரிய பூங்காக்களில் டிக்கெட்டும் சரி, ரைடில் ஏற்றுவதும் சரி, வயதைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்துத்தான். வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் குறைவான குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், இலவசம். 85 முதல் 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். வேகமாகச் சுழற்றி, தலைகீழாகப் புரட்டும் பெரிய ரைடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 140 செ.மீ. இருந்தாக வேண்டும்.

இதை நம் பிள்ளைகளின் வளர்ச்சியோடு வைத்துப் பாருங்கள். நன்றாக வளரும் பிள்ளை 3 வயதில் சுமார் 95 செ.மீ., 5 வயதில் சுமார் 110, 7 வயதில் சுமார் 120 இருக்கும். 140ஐத் தொட 10, 11 வயது ஆகிவிடும். விளம்பரத்தில் பார்த்துவிட்டு மாதக்கணக்காக ஆசைப்பட்ட ரைடின் வாசலில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை அளவுகோலுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டிவரும். அந்த அழுகையை ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சரிசெய்ய முடியாது. கிளம்பும் முன்பே செருப்பைக் கழற்றச் சொல்லி, வாசல் நிலையில் பென்சில் கோடு போட்டு அளந்துவிடுங்கள். அந்தப் பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் எவ்வளவு உயரம் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, எதிலெல்லாம் ஏறலாம், எதில் முடியாது என்று காட்டிவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே ஏற்றுக்கொள்வார்கள்.

எந்தப் பக்கம் உங்கள் வீடு. நம் மாவட்டத்துக்கு இரண்டு வாசல்கள். களியக்காவிளை வழியாகக் கேரளம், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு பக்கமாகத் திருநெல்வேலி. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் 40 கிலோமீட்டருக்குள்தான். அதே ஊர் தோவாளைக்காரருக்கு இரண்டரை மணி நேரப் பயணம். அவருக்கு மதுரை நான்குவழிச் சாலை வீட்டு வாசலில் இருக்கிறது. "நாகர்கோவிலிலிருந்து இவ்வளவு தூரம்" என்று படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்.

எந்த நாள். இதில் குமரி மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் விடுமுறை, கேரளத்துப் பிள்ளைகளுக்கும் விடுமுறை. இரண்டு மாநிலக் கூட்டமும் ஒரே வரிசையில் நிற்கும். டிசம்பர் கடைசியிலும் அப்படித்தான். ஆனால் நமக்கு மட்டும் கிடைக்கும் உள்ளூர் விடுமுறைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டோடு மாவட்டம் இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, சிவாலய ஓட்டம் நடக்கும் சிவராத்திரி, மண்டைக்காடு மாசிக் கொடை, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், திருவோணம். இவை வார நாளில் வந்தால் பெரும்பாலும் வெளியூரில் எல்லோரும் பள்ளிக்கும் வேலைக்கும் போயிருப்பார்கள்.

இவற்றில் மாசிக் கொடை நாள்தான் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. கொடை செவ்வாய்க்கிழமை வரும். மார்ச் மாதம் என்பதால் மழை தொல்லை இல்லை. கேரளத்தில் பரீட்சைக் காலம் என்பதால் பூங்காக்களில் பள்ளிக் கூட்டமும் இருக்காது. கொடைக்குப் போகும் குடும்பங்களுக்கு இது ஆகாது, மற்றவர்கள் யோசிக்கலாம். சவேரியார் திருவிழா விடுமுறையும் நல்லதுதான், மழையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திருவோணத்தன்று மட்டும் கேரளப் பக்கம் போகவே வேண்டாம். அன்று மதுரை காலியாக இருக்கும். திருவனந்தபுரத்துக்குப் போவதாக இருந்தால் ஆற்றுக்கால் பொங்கல் என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள். அதுவும் மாசியில்தான் வரும், அன்று நகரத்துக்குள் வண்டி நகராது. இந்த உள்ளூர் விடுமுறைகளுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள், அந்தச் சனிக்கிழமையில் வேறு திட்டம் போட்டுவிடாதீர்கள்.

ஏறாதவர்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோடு இருக்கும் தாய் ஆகியோர் எந்த ரைடிலும் ஏறமாட்டார்கள், ஆனால் நுழைவுக் கட்டணம் கட்டத்தான் வேண்டும். அவர்கள் ஏழு மணி நேரம் எங்கே உட்காருவார்கள், நிழல் இருக்கிறதா, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் அழைத்துப் போவது அவர்களைத் தண்டிப்பது போல.

கண்ணில் படாத செலவு. இணையதளத்தில் காட்டும் விலையில் வரி பல நேரம் தனி. பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள்; குழந்தைக்கான பால், கூழ் மட்டும் விடுவார்கள். ஆகவே இரண்டு வேளைச் சாப்பாடும் அங்கே உள்ள விலைக்குத்தான். தண்ணீரில் இறங்க நைலான், லைக்ரா போன்ற துணிதான் உடுக்க வேண்டும்; பருத்தித் துணி, சேலை, லுங்கி கூடாது. அந்த உடையைப் பூங்கா வாசலில் வாங்காமல் ஊரிலேயே வாங்கிவிட்டால் நாலு பேருக்குக் கணிசமாக மிச்சமாகும். லாக்கருக்கு வாடகை, வண்டி நிறுத்தக் கட்டணம், டயப்பர் போடும் குழந்தை என்றால் நீச்சல் டயப்பர் எல்லாம் சேரும். வாடகை வண்டியில் கேரளத்துக்குப் போனால் பெர்மிட் வரியும் டிரைவர் பேட்டாவும் வாடகைக்குள் வருமா என்று முதலிலேயே பேசி முடியுங்கள். களியக்காவிளையில் வைத்துப் பேசினால் உங்கள் பேச்சு எடுபடாது.

## வழி ஒன்று: நம் மாவட்டத்திலேயே

கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமன முனைப் பக்கம் பேவாட்ச் வாட்டர் பார்க் இருக்கிறது, மெழுகுச் சிலை அரங்கமும் அங்கேயே. கொச்சியோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது ஐம்பது ரைடுகள் இல்லை. முழங்கால் ஆழத் தண்ணீர், ஒரு சின்னச் சறுக்கு, பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ. இது போதும். அதே சறுக்கில் முப்பது முறை ஏறி இறங்கும் வயது அது. மதியம் கண் சொக்கினால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து தொட்டிலில் போட்டுவிடலாம். வேறெந்த வழிக்கும் இந்த வசதி இல்லை.

ஒரே நாளில் முடிக்காமல் நாலைந்து நாட்களாகப் பிரித்துக்கொண்டால் இந்த வழி இன்னும் சிறக்கும். ஒரு நாள் வாட்டர் பார்க். ஒரு நாள் திற்பரப்பு. அருவிக்குப் பக்கத்தில் சிறுவர் குளமும் படகும் உண்டு. ஒரு நாள் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. வனத்துறையின் பூங்காவில் மான்களும் பறவைகளும் இருக்கின்றன, பெரிய பிள்ளைகளுக்கு டச்சுப் படைத் தளபதி டிலனாயின் கல்லறையைக் காட்டிக் குளச்சல் போர்க் கதையைச் சொல்லலாம். ஒரு நாள் காலையிலேயே படகு ஏறி விவேகானந்தர் பாறை, அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். காலுக்குக் கீழே கடலைப் பார்த்துக்கொண்டு நடப்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்த ரைடுக்கும் குறையாது. மாத்தூர் தொட்டிப்பாலமும் அழகான இடம்தான். ஆனால் 115 அடி உயரம், ஓடித்திரியும் வயதுப் பிள்ளையின் கையை ஒரு நொடியும் விட முடியாது. நான் அதை இந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டேன்.

இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு. "தண்ணீர்தானே, பார்க்குக்கு எதுக்குக் காசு, கடலில் குளிக்கட்டும்" என்ற எண்ணம். ஏப்ரல், மே மாதங்களில் நம் கரையில் கள்ளக்கடல் வரும். எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று எழும்பும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட நாட்களில்தான். வளர்ந்தவர்களுக்கே அந்தக் கதி. கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கை செய்தியில் வந்த நாளில் பிள்ளைகளைக் கரையோரம்கூட விடாதீர்கள். மற்ற நாட்களிலும் சொத்தவிளையிலும் முட்டத்திலும் மணலில் விளையாடட்டும், அலையில் வேண்டாம். திற்பரப்பிலும் மழைக்காலத்தில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் மட்டும் உள்ள வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, நெடுந்தூரம் உட்கார முடியாத பாட்டா, பாட்டி உள்ள வீடு ஆகியவற்றுக்கு இதுதான் முதல் தேர்வு. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மட்டும் இது போதாது, அரை நாளில் "இனி என்ன?" என்று கேட்கத் தொடங்கிவிடும்.

## வழி இரண்டு: திருவனந்தபுரம், ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள்

இதைப் பலர் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் ஊராகவே பார்க்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான ஊர் நமக்கு அருகில் இல்லை என்பேன். வேம்பாயம் பக்கம் ஹேப்பிலேண்ட் வாட்டர் பார்க், நகரத்தின் நடுவில் 1857இல் தொடங்கிய உயிரியல் பூங்கா, வேளியில் சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும் குட்டி ரயில், புறவழிச் சாலையோரத்தில் லுலு மாலும் அதற்குள் ஃபன்டூரா விளையாட்டு அரங்கமும். ஒன்றில் மழை பிடித்தால் இன்னொன்றுக்கு ஓடலாம்.

மழையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் மாவட்டத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. காலாண்டு விடுமுறையிலும் நவம்பர் 1 விடுமுறையிலும் வாட்டர் பார்க்கை மட்டும் நம்பிக் கிளம்பினால், இடி இடித்ததும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். கூரைக்குக் கீழே விளையாட ஓர் இடம் கைவசம் இருப்பது பெரிய நிம்மதி.

ரயிலில் போவது நல்லது. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். தக்கலைக்காரர்களுக்கு இரணியல், மார்த்தாண்டத்துக்காரர்களுக்குக் குழித்துறை. பிள்ளைகளுக்கு ரயிலே பாதி சுற்றுலா. காரில் போனால் கேரளப் பக்கம் காரோட்டிலிருந்து புறவழிச் சாலை அருமையாக இருக்கிறது, நம் பக்கம் களியக்காவிளை வரை நெரிசல்தான். ஆனால் வேம்பாயம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது. ரயிலில் போனால் அங்கே போய்வர டாக்சிச் செலவு சேரும். வாட்டர் பார்க் மட்டும்தான் திட்டம் என்றால் கார், ஊர் சுற்றுவது திட்டம் என்றால் ரயில். உயிரியல் பூங்காவுக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

ஒரே நாளில் வாட்டர் பார்க், உயிரியல் பூங்கா, மால் மூன்றையும் முடிக்க நினைக்காதீர்கள். நாலு மணிக்கு மேல் பிள்ளைகள் நொய்நொய் என்று அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிவாதம் இல்லை, களைப்பு. இரண்டு இடம் போதும், அதிலும் இரண்டாவது இடம் ஏசி இருக்கும் இடமாக இருக்கட்டும்.

மூன்று வயதும் எட்டு வயதும் கலந்திருக்கும் வீட்டுக்கு, குறிப்பாக மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து வீட்டுக்கு, இந்த ஆண்டு ஒரே ஒரு இடம் என்றால் நான் திருவனந்தபுரத்தைத்தான் சொல்வேன்.

## வழி மூன்று: கொச்சி வொண்டர்லா

2000ஆம் ஆண்டு வீகாலேண்டாகத் தொடங்கியது. நம் ஊரில் இப்போது அப்பா, அம்மாவாக இருக்கும் பலர் பள்ளிச் சுற்றுலாவில் போன இடம். அதனாலேயே பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நீங்கள் போனபோது உங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது.

பராமரிப்பு, பாதுகாப்பு, தண்ணீரின் சுத்தம், ஆட்களை நடத்தும் ஒழுங்கு ஆகியவற்றில் இந்தப் பட்டியலின் முன்வரிசையில் இதை வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதியும் இருக்கிறது. ஆனால் 110 செ.மீ. பிள்ளை அந்தப் பகுதியில் மட்டுமே பொழுதைக் கழிக்கும். அதற்காக 270 கிலோமீட்டர் போய் இரண்டு இரவு தங்கிப் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுப்பது நியாயமா என்று யோசியுங்கள். பெரியவர்களும் ரைடில் ஏறுவதற்காகப் போகிறார்கள் என்றால் சரி. யாராவது ஒருவர் மாற்றி மாற்றிக் குட்டிப் பிள்ளையோடு வெளியே நிற்க வேண்டிவரும். அதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் அந்த வேலை முழுவதும் அம்மாவின் தலையில் விழுவதைத்தான் பார்க்கிறேன்.

விடியலுக்கு முன் நாகர்கோவிலை விட்டுக் கிளம்பும் பரசுராம் எக்ஸ்பிரஸைப் பிடித்து அதே நாளில் பூங்காவுக்கு ஓடுவது இளைஞர்களுக்கான திட்டம். பிள்ளைகளை மூன்று மணிக்கு எழுப்பினால் பதினொரு மணிக்குப் பூங்கா வாசலில் தூங்கி விழுவார்கள். காலையில் கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் பெங்களூரு ரயிலில் போய், மாலையில் எர்ணாகுளத்தில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் பூங்கா திறக்கும்போதே உள்ளே நுழையுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் வரிசை குறைவு. அன்று இரவும் அங்கேயே தங்கி மூன்றாம் நாள் காலை ரயிலில் திரும்பலாம். பூங்கா பள்ளிக்கரையில், நகரத்திலிருந்து தள்ளி இருக்கிறது. போக வர டாக்சிக்கும் பணம் ஒதுக்குங்கள். காரில் போவதாக இருந்தால் கொல்லம், ஆலப்புழைப் பக்கம் என்.எச். 66 விரிவாக்கப் பணி நடக்கும் இடங்களில் நேரம் போகும்.

ரயில் கட்டணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வயதுக்குள் தனி இருக்கை கேட்காவிட்டால் இலவசம். 5 முதல் 12 வயதுக்குள் படுக்கை கேட்காவிட்டால் பாதி, கேட்டால் முழுக் கட்டணம். சேர் கார் பெட்டியில் அந்தப் பாதிக் கட்டணச் சலுகை கிடையாது, வந்தே பாரத்தில் போகிறவர்களுக்கு இது பொருந்தும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கும். மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

மூத்த பிள்ளை 140 செ.மீ.யைத் தாண்டிவிட்டால் கொச்சிக்கு இணை இல்லை. அதுவரை பொறுங்கள்.

## வழி நான்கு: மதுரை அதிசயம்

பரவையில் திண்டுக்கல் சாலையில் இருக்கும் அதிசயம் பூங்கா, மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்கு நல்ல வழி. சாலை முழுவதும் நான்குவழி, நாலு, நாலரை மணி நேரம். நாங்குநேரி தொடங்கிக் கப்பலூர் வரை சுங்கச்சாவடிகள் உண்டு, போக வர இரண்டு முறைக்கும் கணக்கில் சேருங்கள்.

மதுரையின் பலம் பூங்கா மட்டும் இல்லை. சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கும் செலவு மிச்சம். மறுநாள் மீனாட்சியம்மன் கோயில். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது; உச்சிவெயில் நேரத்தைப் பிள்ளைகளோடு குளிரக் குளிர அங்கே கழிக்கலாம். தாத்தா, பாட்டிக்கும் இந்தப் பயணம் இனிக்கும்.

பலவீனம் வெயில். நம் ஊர்ப் பிள்ளைகள் கடல் காற்றில் வளர்ந்தவர்கள், மே மாத மதுரை வெயில் அவர்களுக்குப் பழக்கமில்லை. காலையில் திறந்ததும் போய், மதியம் நிழலில் ஒதுங்குங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இருக்கட்டும். தண்ணீருக்குள் நிற்பதாலேயே தாகம் தெரியாது, ஆனால் உடம்பு வற்றும்.

## வழி ஐந்து: சென்னை

திருப்போரூர்ப் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து சென்னைப் பேச்சு கூடியிருக்கிறது. ஏற்கெனவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி.யின் பூங்காவும் கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் இருக்கின்றன. வண்டலூர் உயிரியல் பூங்கா (செவ்வாய் விடுமுறை), வடநெம்மேலி முதலைப் பண்ணை (திங்கள் விடுமுறை) எல்லாம் நகரத்தின் அதே தென்பக்கத்தில்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சென்னை கொச்சியைவிடத் தூரம்தான், ஆனால் எளிது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் பிள்ளைகள் தூக்கத்திலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்குங்கள். தங்குவதும் அந்தப் பக்கமே இருக்கட்டும். நகரத்துக்குள் அறை எடுத்துவிட்டுத் தினமும் ஓ.எம்.ஆருக்கும் ஈ.சி.ஆருக்கும் ஓடினால் நாளில் மூன்று மணி நேரம் டாக்சியில் போகும், அதற்கான பணமும்.

மூன்று நாளாவது ஒதுக்க முடிந்தால் மட்டும் சென்னை. ஒரே ஒரு பூங்காவுக்காக அவ்வளவு தூரம் போவதைவிடக் கொச்சியே மேல்.

## வழி ஆறு: துபாய், அபுதாபி

நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. ஆகவே இது பணக்காரர் கனவு மட்டுமில்லை; அப்பாவோ மாமாவோ அங்கே இருந்தால் தங்கும் செலவு பெரும்பாலும் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கும் சார்ஜாவுக்கும் நேரடி விமானம், ஏறத்தாழ நாலு மணி நேரம்.

பிள்ளைகளின் வயதுக்கு ஏற்ற பூங்கா என்று பார்த்தால் இந்த ஒப்பீட்டில் லெகோலேண்ட் துபாய்க்கே முதலிடம். 2 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்காகவே கட்டியது. மூன்று வயதுப் பிள்ளை இரண்டாம் தரமாக உணராத இடம். கோடை விடுமுறையில் போனால் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது முழுவதும் கூரைக்குள் இருக்கும் ஐ.எம்.ஜி. வேர்ல்ட்ஸ், அபுதாபியின் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட், சீவேர்ல்ட் ஆகியவைதான் சரி. டிசம்பர், ஜனவரியில் வெளியே நடமாட இதமாக இருக்கும். அந்த நேரம் வளைகுடாக்காரர்கள் ஊருக்கு வரும் பருவம் என்பதால், நாம் எதிர்த்திசையில் போவது டிக்கெட்டுக்கும் பொதுவாக உதவும்.

செலவு ஒளிந்திருப்பது இங்கேதான் அதிகம். இரண்டு வயது முடிந்த பிள்ளைக்குத் தனி இருக்கை, கட்டணம் பெரியவருக்குக் கிட்டத்தட்ட சமம். இரண்டாவது பிறந்தநாள் நெருங்கும் குழந்தை இருந்தால் அதற்கு முன்பே போய்த் திரும்புவது பெரிய மிச்சம். பாஸ்போர்ட், விசா எல்லாம் ஆளுக்கு ஒன்று. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். அங்கே ஒவ்வொரு பூங்காவின் சீட்டையும் திர்ஹாமில் பார்த்துவிட்டு ரூபாயில் பெருக்கிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு பூங்காவுக்கு மேல் தாங்காது.

பணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அப்பாவைப் பார்க்கப் போகும் பிள்ளைக்கு வேண்டியது அப்பா. அவருக்கு லீவு இல்லாத நாளில் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் பூங்காவில் சுற்றிவிட்டு இரவில் களைத்துத் தூங்கிவிட்டால், அவர் வேலை முடிந்து வந்து தூங்கும் முகத்தைத்தான் பார்ப்பார். கடையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. முதலில் அவருடைய லீவு உறுதியாகட்டும், அப்புறம் விமான டிக்கெட், கடைசியாகப் பூங்கா டிக்கெட்.

## ஒரே பார்வையில்

| இடம் | தேவைப்படும் நாள் | பொருத்தமான பிள்ளைகள் | ஏறாத பெரியவர்களுக்கு | கவனிக்க வேண்டிய செலவு / சிக்கல் |
|---|---|---|---|---|
| உள்ளூர் | தினம் அரை நாள் | 5 வயதுக்குள் | மிக எளிது | கள்ளக்கடல், அருவித் தடை |
| திருவனந்தபுரம் | 1 – 1½ | 3 முதல் 9 வயது | எளிது | வேம்பாயம் டாக்சி, மழை |
| கொச்சி | 3 | 140 செ.மீ.க்கு மேல் | கடினம் | இரண்டு இரவு அறை, நுழைவுக் கட்டணம் |
| மதுரை | 2 | 5 முதல் 12 வயது | நன்று | சுங்கம், வெயில் |
| சென்னை | 3 – 4 | கலந்த வயது | நடுத்தரம் | நகரத்துக்குள் டாக்சி |
| துபாய் | 7 – 10 | 2 முதல் 12 வயது | நடுத்தரம் | விமானம், விசா, திர்ஹாம் |

## கலந்த வயது வீடுகளுக்கு

அதிகம் திணறுவது, பதினொரு வயது மூத்ததும் இரண்டு வயது இளையதும் இருக்கும் வீடு. மூத்ததுக்குக் கொச்சி வேண்டும், இளையதுக்கு உள்ளூரே அதிகம். எல்லோரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்ற பிடிவாதத்தை இங்கே கொஞ்சம் தளர்த்தலாம். அப்பாவோ சித்தப்பாவோ மூத்ததை மட்டும் கொச்சிக்குக் கூட்டிப் போகட்டும். தங்கை பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவரும் பிள்ளைக்கு, முழுக்கவும் தனக்கென்றே இரண்டு நாள் கிடைப்பது பெரிய விஷயம். அதே நாட்களில் இளையது அம்மாவோடும் பாட்டியோடும் வீட்டில் இருக்கட்டும். அடுத்த வாரம் எல்லோரும் சேர்ந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் ஒரு நாள், குட்டி ரயிலும் உயிரியல் பூங்காவும்.

செலவும் இதில் கூடாது. நாலு பேர் கொச்சிக்குப் போனால் ஆகும் ரயில் கட்டணம், அறை வாடகை, இரண்டு பெரியவர் டிக்கெட், அங்கேயே சாப்பிடும் சாப்பாடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே இரண்டு பேர் கொச்சிக்கும் நாலு பேர் திருவனந்தபுரத்துக்கும் போகும் கணக்கை எழுதுங்கள். பல வீடுகளுக்கு இரண்டாவது தொகைதான் குறைவாக வரும். இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்கும் பாடும் இல்லை.

ஐந்தும் எட்டுமாக இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பிரிய வேண்டியதில்லை. இந்த ஆண்டு திருவனந்தபுரம், அடுத்த ஆண்டு மதுரை, மூத்தது 140 செ.மீ.யைத் தாண்டும் ஆண்டில் கொச்சியோ சென்னையோ. அப்போது சின்னதும் 120 செ.மீ.யை நெருங்கியிருக்கும், இரண்டு பேருக்கும் சேர்ந்து ஏற நடுத்தர ரைடுகள் நிறையக் கிடைக்கும்.